டின்னை விடாத கேக்

புதுச்சேரியில் கிறிஸ்துமஸ் என்றால் விவிக்கம். ரவை, வெண்ணெய், முட்டை, ரம்மில் ஊறிய உலர்பழங்கள் எல்லாம் சேர்ந்த கேக். ரம்முக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. வெளியூர்க்காரர்கள் அதற்காகவே வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள். பஞ்சம் பொறுமைக்குத்தான்.

ஓவனிலிருந்து எடுத்த கையோடு டின்னைக் கவிழ்ப்பது ஆளுங்கட்சி. ஆவி அடங்காத கேக் இடுப்பில் ஒடிந்து, பாதி தட்டில், பாதி டின்னில். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடுவது எதிர்க்கட்சி. விடிவதற்குள் பழத்திலிருந்து கசிந்த சர்க்கரை இறுகி, வெண்ணெயும் உறைந்து, கேக் அடியோடு பிடித்திருக்கும். பத்து நிமிடம் ஆறவிட்டு, ஓரத்தில் கத்தியை ஒரு சுற்று ஓட்டிக் கவிழ்க்கும் நடுநிலையாளர்களுக்கு டெபாசிட்கூடத் தேறாது.

முழுக்க ஆறிப்போன டின்னின் அடியைச் சிறுதீயில் கொஞ்சம் காட்டினால் வெண்ணெய் இளகி வழிவிடும். ஆனால் டின்னின் முதுகில் நாலு சாத்து சாத்தினால்தான் நம்மவர்களுக்குத் திருப்தி.

பிரெஞ்சுக்காரர்களும் 1954 நவம்பர் 1-இல் நிர்வாகத்தைக் கொடுத்துவிட்டார்கள். சட்டப்படி ஊர் கைமாற 1962 ஆகஸ்ட் 16 ஆகிவிட்டது. அடியில் பட்டர் பேப்பர் போட மறந்திருப்பார்கள்.

உடைந்ததை என்ன செய்வது? "கிண்ணத்துல அள்ளிப் போட்டு மேல கஸ்டர்டை ஊத்து. பிரெஞ்சுல ஏதாச்சும் பேரு வெச்சுக்கலாம்" என்கிறார் முத்தியால்பேட்டை அத்தை. ஒயிட் டவுன் கஃபேயில் முழு கேக்கைவிட அதற்கு விலை கூட.