முன்சக்கரத்து ஓசைகளும் ரப்பர் புஷ்ஷும்: மாருதி 800-ஐ முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வின் தேவை

அச்சு, ஆர்க்கால், நுகம், கொடிஞ்சி என்று தேரின் உறுப்புகளுக்கெல்லாம் தனித்தனியே பெயர் சூட்டியவர்கள் நம் முன்னோர். ஆயினும் பழைய கார் ஒன்று வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முன்சக்கரத்தருகே எழும் ‘டொக்’ என்னும் ஓசை இதுவரை ஆய்வாளர் எவர் செவியிலும் விழுந்ததாகத் தெரியவில்லை. கேட்ட மற்றவர்களும் அதைத் தெருவின் குற்றமாகக் கருதி ஜன்னலை ஏற்றிவிட்டார்கள். அக்குறையை நீக்க எழுந்ததே இக்கட்டுரை.

கருதுகோள்

ஒரு பழைய காரின் அடியில் எழும் சத்தத்திற்குக் காரணமான உறுப்பு எவ்வளவு மலிவானதோ, அவ்வளவு தாமதமாகவே அது மாற்றப்படும்.

ஆய்வு எல்லை

ஆய்வுக்கு மாருதி 800 எடுத்துக்கொள்ளப்பட்டது. 1983 டிசம்பரில் சாலைக்கு வந்த இவ்வண்டியின் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. எனவே இன்று ஓடுபவற்றில் கடைக்குட்டிக்கே பத்து வயது கடந்துவிட்டது, தரவுக்குப் பஞ்சமில்லை. அம்பாசிடர் விலக்கப்பட்டது. அதன் ஓசைகளில் எது எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறிய ஓர் ஆய்வாளரின் ஆயுள் போதாது.

ஆய்வுப் பொருளின் அமைப்பு

800-இன் முன்புறம் மெக்பெர்சன் ஸ்டிரட் வகையைச் சேர்ந்தது. ஏர்ல் மெக்பெர்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளரின் சிக்கன புத்தி இதில் தெரியும். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக நிற்கின்றன. கீழே லோயர் ஆர்ம் என்னும் ஒற்றைக் கை சக்கரத்தைப் பக்கவாட்டில் பிடித்துக்கொள்கிறது. முன்பின்னாக நகராமல் பிடிக்கும் வேலையைக் குறுக்கே ஓடும் ஸ்டெபிலைசர் பார் பார்க்கிறது. வளைவில் வண்டி சாயாமல் காப்பதும் அதே கம்பிதான். ஒரு சம்பளத்தில் இரண்டு வேலை.

இந்த இரும்புகள் ஒன்றோடொன்று சேருமிடமெல்லாம் ரப்பர் இருக்கிறது. லோயர் ஆர்மின் உள்முனையில் ஒன்று, கம்பி அந்த ஆர்முக்குள் நுழையும் முனையில் ஒன்று, கம்பியைப் பாடியோடு கட்டும் கிளாம்பில் ஒன்று: இவையே புஷ். கூட்டுக்குடும்பத்தில் இரு தரப்புக்கும் நடுவே உட்கார்ந்து, இரண்டு பக்கத்து அடியையும் தானே வாங்கிக்கொள்ளும் சித்தப்பாவை ஒத்தது இவ்வுறுப்பு. அவர் இருக்கும்வரை அவர் இருப்பதே யாருக்கும் தெரியாது.

எதிர்த்தரப்புக் கொள்கைகள்

ஓசைக்குக் காரணம் கூறுவோர் நான்கு பிரிவினர்.

முதலாவது, சாலைவாதம். ‘ரோடு சரியில்லை’ என்பது இவர்களின் மூலமந்திரம். இதில் உண்மை இல்லாமலில்லை. வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டு, 25 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கத்தக்கதாய் இருக்க வேண்டும் என்றது இந்தியச் சாலைக் காங்கிரஸின் 99-ஆம் எண் வழிகாட்டி நூலின் 1988-ஆம் ஆண்டுப் பதிப்பு. நம் தெருவில் இருப்பவை அந்த முதல்நூலைப் பார்க்காமலே எழுந்த வழிநூல்கள்: அகலத்தில் சுருக்கம், உயரத்தில் விரிவு. ஆனால் அதே தடையில் பக்கத்து வீட்டுக் கார் ஓசையின்றி ஏறி இறங்குவதை இக்கொள்கையால் விளக்க முடியவில்லை.

இரண்டாவது, ஷாக்வாதம். பட்டறைகளில் செல்வாக்கு மிக்கது. ‘சார், ஷாக் போயிடுச்சு’ என்ற ஒரே வாக்கியத்தில் இதன் தத்துவம் அடங்கும். ஷாக்கின் வேலை ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குவது. வண்டியின் ஒரு மூலையை அழுத்திவிட்டுக் கையை எடுத்தால் அது தொடர்ந்து குதிக்குமானால் ஷாக் போய்விட்டது எனலாம். ஒருமுறை எழுந்து அடங்கிவிட்டால் ஷாக்கைக் குற்றம் சொல்வதற்கில்லை. இச்சோதனை செலவில்லாதது. ஆகவே யாரும் செய்வதில்லை. இரண்டு ஷாக்கும் மாற்றப்படும், டொக் தொடரும்.

மூன்றாவது, டயர்வாதம். டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருப்பதைச் சான்றாகக் காட்டிப் புது டயர் வாங்கச் சொல்பவர்கள் இவர்கள். புஷ்ஷின் ரப்பர் இளகியதால் சக்கரத்தின் நிலை மாறிற்று. நிலை மாறியதால் டயர் தேய்ந்தது. விளைவைக் காரணமாகக் கொண்ட பிழை இது.

நான்காவது, பாட்டுவாதம். ஒலிப்பெட்டியின் சத்தத்தைக் கூட்டிவிடுவது. செலவின்மை இதன் வலிமை. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குமுன் வரும் இடைவெளி இதன் பலவீனம்.

களப்பணியும் வகைப்பாடும்

தகவலாளர் தேர்வில் கவனம் தேவை. ஓட்டுநர் நம்பத்தக்கவரல்லர், அவர் காது என்றோ பழகிவிட்டது. ஆண்டுக்கு ஒருமுறை ஊரிலிருந்து வந்து ஏறும் பெரியம்மாவே சிறந்த தகவலாளர். ‘என்னப்பா, அடியில யாரோ தட்டுறாங்க?’ என்று முதல் தெருமுனையிலேயே அவர் கேட்டுவிடுவார். இன்னொரு சிக்கலும் உண்டு: மெக்கானிக் ஏறி அமர்ந்ததும் ஓசை நின்றுவிடும். இதை ‘தரவின் நாணம்’ எனக் குறிக்கலாம்.

திரட்டிய ஓசைகள் நான்கு வகைப்படும்.

ஒன்று, டொக். பிரேக் பிடிக்கையில் ஒருமுறை, மீண்டும் புறப்படுகையில் ஒருமுறை. பிரேக்கில் சக்கரம் பின்னால் தள்ளப்படுகிறது. புறப்பாட்டில் முன்னால் இழுக்கப்படுகிறது. இரண்டையும் தாங்க வேண்டிய கம்பி முனைப் புஷ் தேய்ந்தமைக்கு இதுவே அடையாளம்.

இரண்டு, டகடக. மெதுவாகச் சிறு குழிகளில் போகும்போது வரும். கிளாம்பு புஷ்ஷைச் சந்தேகிக்க.

மூன்று, கிரீச். வேகத்தடையில் ஊர்ந்து ஏறும்போது பழைய கதவின் முனகலாய் எழுவது. அந்தந்த ரப்பர்மேல் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்து, எதில் தெளித்ததும் அடங்குகிறதோ அதைப் பிடிக்கலாம். எண்ணெய் தெளிப்போர் உளர். இயற்கை ரப்பர் எண்ணெய் பட்டால் ஊதிப் பிசுபிசுத்துப் போகும். அவர்கள் சத்தத்தோடு புஷ்ஷையும் அடக்கிவிடுகிறார்கள். என்ஜின் ஆயில் சொட்டும் வண்டியில் இத்திருப்பணி தானாகவே நடந்துகொண்டிருக்கும்.

நான்கு, மௌனம். ஓசையே இராது, ஆனால் பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், நேர்சாலையில் ஸ்டியரிங்கைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டிவரும். வகை நான்கிலும் ஆபத்தானது இதுவே.

ஐயம் தீர, வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ஆர்முக்கும் பாடிக்கும் இடையே நெம்புகோல் கொடுத்து நெம்பிப் பார்க்க வேண்டும். நல்ல புஷ் சற்றே நெகிழ்ந்து திரும்பும். போனது, பாளமாய் வெடித்து வாய் பிளந்து காட்டும்.

மாற்றும் முறை

ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கடியில் நுழைவது எந்த ஆய்வுக்கும் தேவையில்லாத துணிச்சல்; ஸ்டாண்டு கட்டாயம். துருவேறிய போல்ட்டுக்கு முந்தின நாளே ஸ்பிரே அடித்து வைப்பது நலம். முந்தின நாள் அடிக்காதவர்கள் மறுநாள் சுத்தியல்வாதிகளாக மாறுவதைக் காணலாம். ஆர்மைக் கழற்றியபின் பழைய புஷ்ஷைப் பிரஸ்ஸில் வைத்துத் தள்ளுவதே முறை. பிரஸ் இல்லாத இடத்தில் பெரிய வைஸும் தக்க அளவு சாக்கெட்டும் போதும். ரப்பர் வெளியேறி இரும்பு வளையம் மட்டும் உள்ளே ஒட்டிக்கொண்டால், ஆக்ஸா பிளேடால் அதை அறுக்கலாம், ஆர்மை அறுக்காத வரையில்.

புதியதை ஏற்றும்போது ரப்பருக்குச் சோப்புத் தண்ணீரே உகந்தது; அது காய்ந்து போய்விடும், கிரீஸ் போகாது. ஒரு பக்கம் மட்டும் மாற்றுவோர், மறுபக்கத்தை அடுத்த மாத ஆய்வுக்காக ஒதுக்கிவைத்தவர் ஆவர்.

தலையாய தேற்றம்

இக்கட்டுரையின் சாரம் இங்கே உள்ளது. ஆர்ம் புஷ் உள்ளே வழுக்கிச் சுழல்வதில்லை. நடுக்குழாயோடும் வெளிவளையத்தோடும் ரப்பர் ஒட்டப்பட்டிருக்கும். ஆர்ம் ஏறி இறங்கும்போது அது முறுக்கிக்கொண்டு விடுபடும். போல்ட்டை இறுக்கியதும் நடுக்குழாய் அந்த நிலையிலேயே பூட்டப்படுகிறது. வண்டி ஜாக்கில் நிற்க, சக்கரம் தொங்க, ஆர்ம் கீழே சரிந்திருக்கும்போது இறுக்கினால், தொங்கும் நிலையே ரப்பருக்கு ஓய்வு நிலையாகிவிடும். பிறகு வண்டியைத் தரையில் இறக்கினால், நின்றுகொண்டிருக்கும்போதே ரப்பர் முறுக்கேறிய நிலையில் இருக்கும். ஓடும்போது முறுக்கின்மேல் முறுக்கு. புதிய புஷ் காலத்துக்கு முன்பே கிழியும். ‘இப்போ வர்ற சாமானெல்லாம் டூப்ளிகேட்’ என்று தீர்ப்பு வழங்கப்படும். குற்றவாளி சாமானல்ல, இறுக்கிய நேரம்.

பாலியூரித்தேன் சர்ச்சை

ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் போட வேண்டும் என்போர் ஒரு புதுப்பிரிவினர். 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பாயர் குழுவினர் கண்டுபிடித்த பொருள் இது. மெத்தையாகவும் இருக்கும், செருப்பின் அடியாகவும் இருக்கும். புஷ்ஷாக வரும்போது மெத்தைக் குணத்தை விட்டுவிட்டுச் செருப்புக் குணத்தோடு வரும். நாள்பட உழைக்கும், எண்ணெய்க்கு அஞ்சாது, ஸ்டியரிங் கூர்மையாகும். ஆனால் சாலையின் ஒவ்வொரு கல்லையும் உங்கள் முதுகெலும்புக்கு அறிவித்துவிடும். கிரீஸ் காய்ந்தால் கிரீச்சிடும். பந்தயத்தில் ஓட்டுவோர்க்கு ஆகும். பெரியம்மாவை ஏற்றிக்கொண்டு காய்கறி வாங்கப் போகும் 800-க்கு ரப்பரே போதும்.

முடிவுரை

கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது. ஷாக்கும் டயரும் பணத்தைத் தின்று தீர்த்த பிறகே இந்த ரப்பர் துண்டுகளின் முறை வருகிறது. வரிசையைத் திருப்பிப் போடுவது நல்லது: முதலில் புஷ், பிறகு மற்றவை, கடைசியில் வீல் அலைன்மென்ட். அலைன்மென்டை முதலில் செய்வோர் அதை இருமுறை செய்வர்.

வாசகர் வேறெதை மறந்தாலும் ஒன்றை மட்டும் மறவாதிருக்க வேண்டும். மெக்கானிக் கடைசி ஸ்பேனரைக் கையில் எடுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். ‘அண்ணே, வண்டியை இறக்கி, சக்கரம் தரையில நின்ன பிறகு ஆர்ம் போல்ட்டை முறுக்குங்க’ என்று சொல்லுங்கள். அவர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். பார்க்கட்டும், இறக்கிய பிறகே முறுக்கச் சொல்லுங்கள்.