கூரை கொஞ்சம் நெளிந்தால் என்ன?

மலையகத்தில் வீடு என்றால் எண்ணிக்கைதான் செய்தி. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களுக்கு முதலில் ஒதுக்கியது 4,000 வீடுகள். 2017 மே 12ஆம் திகதி நோர்வூட்டில் நரேந்திர மோடி அறிவித்தது மேலும் 10,000. இந்தக் கணக்கை எந்த அரசியல்வாதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார். அந்த வீடுகளின் கூரை நேராக இருக்கிறதா என்று கேட்டால்தான் கேட்டவரை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். கீழே பேசும் இருவரும் கற்பனை. ஹட்டன் பக்கத்தில் ஏதோவொரு தோட்டம், ஏதோவொரு திட்டத்துப் புதுவீடு. ஒருவர் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற வீட்டுக்காரம்மா, மற்றவர் தோட்டக் கமிட்டித் தலைவர்.

தலைவர்: என்னக்கா, சாவி வாங்கின கை இன்னும் காயல, அதுக்குள்ள கூரை நெளியுதுன்னு கந்தோருக்குக் கடுதாசி போட்டீங்களாமே? லயத்துல பத்துக்குப் பன்னெண்டு காம்பராவுல மூணு தலைமுறை கிடந்தோம். தகரம் பறந்துடும்னு மேல கல்லும் மண்மூட்டையும் ஏத்தி வச்சிருந்தோம். அப்போ யாரு மட்டம் பார்த்தா? இப்போ 7 பேர்ச் காணி, 550 சதுர அடி வீடு. ரெண்டு தகரம் தூக்கிக்கிட்டு நிக்குது, அவ்வளவுதானே. ரோட்டுல இருந்து பார்த்தா தெரியவே தெரியாது.

வீட்டுக்காரம்மா: ரோட்டுல இருந்து பார்க்கிறவங்க ரோட்டுலயேதான் போயிடுவாங்க தலைவரே, உள்ள படுக்கப்போறது நான்தானே. இது அழகுப் பேச்சு இல்ல. பச்சை மரத்துல ரீப்பர் அடிச்சா காயக்காய முறுக்கிக்கும். ரீப்பர் முறுக்கினா தகரம் மேலயும் கீழயும் போகும், ஒரு தகரத்து மேல இன்னொண்ணு ஏறுற இடம் வாயைத் திறக்கும். தகரத்தோட மேட்டுல அடிக்க வேண்டிய ஆணியைப் பள்ளத்துல அடிச்சிருக்காங்க. தண்ணி ஓடுறதே அந்தப் பள்ளத்துலதான். மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேல் மழை. வட்டவளைப் பக்கம் அது நேரா இறங்குமா? காத்தோட சேர்ந்து படுக்கையா அடிக்கும், திறந்த வாய்க்குள்ள தண்ணியைக் கீழ இருந்து மேல தள்ளும். இன்னைக்கு ஒழுகலையேன்னு கேக்காதீங்க, இது பெப்ரவரி.

தலைவர்: மலைநாட்டுல தரையே கோணல். பூமி கோணலா இருக்கிற இடத்துல கூரை மட்டும் நேரா நிக்கணும்னா எப்படி?

வீட்டுக்காரம்மா: அப்படி அந்தப் பக்கம் திரும்பித் தொழிற்சாலையைப் பாருங்க. அதுவும் இதே சரிவுலதான் நிக்குது, அதுவும் தகரக் கூரைதான், வெள்ளைக்காரன் காலத்துது. முகடு நூல் பிடிச்ச மாதிரி இருக்கு. ஏன்னா வாடப்போட்ட கொழுந்து மேல தண்ணி சொட்டினா தேத்தூள் கெடும், கொழும்பு ஏலத்துல விலை விழும். இலைக்கு நேரா கூரை போடத் தெரிஞ்சவங்களுக்கு, இலை பறிச்சவளுக்குப் போடுறப்ப மட்டும் பூமி கோணிக்கிதா? என் கொழுந்தை நிறுத்தப்ப சாக்குக்குன்னு கழிச்சாங்க, ஈரத்துக்குன்னு கழிச்சாங்க. நோம்னு வச்ச கிலோக் கணக்கு எட்டலைன்னா அரைப்பேர், அரைநாள் சம்பளம்தான். ‘போகட்டும், கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கட்டும்’னு ஒருநாளும் யாரும் சொன்னதில்ல. என் கையை விட்டுப் போறதுக்குத் தராசு, என் கைக்கு வர்றதுக்குக் கண்மட்டமா?

தலைவர்: தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கக்கூடாது அக்கா.

வீட்டுக்காரம்மா: தானம் கொடுத்தது யாரு? இந்தியா. மோடி அறிவிச்ச அந்தப் பத்தாயிரம் வீட்டுக்கு வீடொண்ணுக்கு 28 லட்சம் ரூபாய்னு கணக்குப் போட்டுத்தானே கொடுக்குது! எந்தத் திட்டமா இருந்தாலும் கொந்தராத்துக்காரர் தானம் பண்ண வரல, கூலிக்கு வந்தவரு. எனக்குத்தான் அது தானம், அவருக்கு வியாபாரம். வியாபாரத்துல பல்லைப் பார்க்கலாம். தானம் பண்ணவங்களும் காசு சரியாப் போச்சான்னு தெரிஞ்சுக்கத்தானே விரும்புவாங்க?

தலைவர்: சரி, மனசுல இருக்கிறதைச் சொல்லிடுறேன். நீங்க இப்படிக் கடுதாசி போட்டா, ‘இதுங்களுக்கு எதைக் கொடுத்தாலும் திருப்தியில்ல’னு மேல பேச்சு வரும். அடுத்த கட்டம் தள்ளிப்போகும். லயத்துல இன்னும் காத்துக்கிட்டு இருக்கிற சனம் உங்களைத்தான் சபிக்கும்.

வீட்டுக்காரம்மா: அவங்களுக்காகவும்தான் எழுதினேன். என் வீட்டுல கேக்காம விட்டா, அதே பாஸ், அதே பச்சை மரம், அதே ஆணி அவங்க வீட்டுக்கும் போகும். ஒரு கூரையைத் திருத்துறது லேசு. நூறு கூரையைத் திருத்த ஒருத்தரும் வரமாட்டாங்க. அப்புறம் நாமளே கல்லும் மண்மூட்டையும் ஏத்த வேண்டியதுதான்.

தலைவரின் கடைசி அச்சத்தைச் சிரித்துத் தள்ள முடியாது. நிதி நின்றுபோன திட்டங்களை மலையகம் நிறையப் பார்த்திருக்கிறது. ஆனால் அந்த அச்சம்தான் மோசமான வேலைக்குக் கிடைக்கும் மலிவான காப்புறுதி. லயத்துக் கூரை தோட்டத்தின் சொத்து. ஒழுகினால் கணக்கப்பிள்ளையிடம் சொல்லலாம். நடந்ததோ இல்லையோ, சொல்ல ஓர் ஆளாவது இருந்தார். புதுவீட்டில் ‘இது உங்கள் சொந்த வீடு’ என்று சொல்லி அந்த ஆளையும் எடுத்துவிட்டார்கள். சொந்தம் என்பதற்கான காணி உறுதியோ பலர் கைக்கு இன்னும் வரவில்லை. பழுதுக்கு மட்டும் சொந்தக்காரர், கேள்விக்கு வெறும் பயனாளி என்ற இந்த ஏற்பாடு கட்டுகிறவர்களுக்கு வசதியாகத்தான் இருக்கும்.

கட்டட ஒப்பந்தங்களில் பணத்தின் ஒரு பங்கைப் பிடித்துவைத்து, குறைதீர்க்கும் காலம் முடிந்த பிறகே கொடுப்பது புதிய விஷயமல்ல. கொழும்பில் கட்டுகிற எவரும் அதைக் கேட்பார். அந்தக் காலத்தை மலையகத்தில் ஒரு முழுத் தென்மேல் பருவமழையைத் தாண்டி வைத்து, பிடித்துவைத்த பணத்தை விடுவிக்க வீட்டுக்காரரின் கையெழுத்து வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால், கமிட்டித் தலைவர் யாரையும் சமாதானப்படுத்த ஓட வேண்டியிருக்காது. அந்த வரி எழுதப்படும்வரை, சாவி வாங்கப்போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்திடும் தாளிலேயே, நெளிந்த தகரம் எது, தவறாக அடித்த ஆணி எங்கே என்று திகதியோடு எழுதி, ஒரு பிரதியை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.