ஏழு நிமிடப் படத்துக்கு ஓர் எஸ்டிமேட்

விஸ்காம் படிக்கும் பிள்ளைகள் குறும்படம் எடுக்கும் வரிசை இது. முதலில் படத்துக்குப் பெயர். அப்புறம் அந்தப் பெயரை எழுத ஒரு ஃபான்ட். அப்புறம் போஸ்டர். போஸ்டர் வந்ததும் இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம், அதில் 'விரைவில்' என்று ஓர் அறிவிப்பு. இவ்வளவும் முடிந்தபின், வேறு வழியே இல்லாமல், கதை. என் மகன் இரண்டாம் ஆண்டு. அவன் படத்துக்கு நான்தான் தயாரிப்பாளர் என்பதே போஸ்டரைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

நெடுஞ்சாலைத் துறையில் எஸ்டிமேட் போட்டே ரிட்டயர் ஆனவன் நான். எஸ்டிமேட் இல்லாமல் ஒரு சின்னக் கல்வெர்ட்டுக்குக்கூடப் பணம் இறங்கி நான் பார்த்ததில்லை. "எவ்வளவுடா ஆகும்?" என்றேன். "ப்ரீ-புரொடக்‌ஷன் போயிட்டிருக்குப்பா" என்றான். கேமராவைத் திறப்பதற்கு முன்னால் செய்யவேண்டிய அத்தனை வேலைக்கும் அதுதான் பெயராம். மொட்டை மாடியில் நாலு பேர் விடிய விடியப் பேசுவதும் அதில் அடக்கம். அதற்கு டிஸ்கஷன் என்று பெயர். டிஸ்கஷனுக்கு டீ உண்டு, டீக்கு பில் உண்டு.

ஸ்கிரிப்டை வாங்கிப் பார்த்தேன். முதல் காட்சியில் அலாரம் அடிக்கிறது. போர்வைக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு அதை அணைக்கிறது. அலாரம் அடித்து இவன் எழுந்த வரலாறு எங்கள் வீட்டில் கிடையாது. எழுத்தாளனுக்குக் கற்பனை வேண்டும்தான். ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பது சினிமாக்காரர்கள் வைத்திருக்கும் பொதுக் கணக்கு. ஏழு நிமிடப் படத்துக்கு இவன் எழுதியிருந்தது 22 பக்கம். எங்கள் துறையில் இதற்கு 'ரிவைஸ்டு எஸ்டிமேட்' என்போம். அதற்கு மேலிடத்தில் விளக்கம் எழுதவேண்டும்.

கலர் பென்சில் வாங்கிவரச் சொன்னேன். ஸ்கிரிப்ட் பிரேக்டவுன் என்று அவர்களுக்குக் காலேஜில் சொல்லிக்கொடுத்ததுதான். நடிகர் ஒரு நிறம், கையில் எடுக்கும் சாமான் ஒரு நிறம், உடை ஒரு நிறம், வண்டி வாகனம் ஒரு நிறம் என்று வரிக்கு வரி கோடு போட்டுக்கொண்டே போகவேண்டும். பரீட்சைக்கு எழுதியிருக்கிறானாம், படத்துக்குத் தேவைப்படும் என்று நினைக்கவில்லையாம். உட்கார்ந்து போட்டோம். சினிமாவில் இருப்பதிலேயே எனக்குப் பிடித்த வேலை இதுதான் என்று அன்றைக்குத் தெரிந்தது. சுத்தமான குவான்டிட்டி கணக்கு.

நாலாம் காட்சியில் ஒரு வரி: 'திண்ணையில் ஊரே கூடியிருக்கிறது. மழை பெய்கிறது.' எழுதுகிறவனுக்கு இதில் என்ன செலவு? பேனா மை. கோடு போடுகிறவனுக்குத்தான் வயிற்றைக் கலக்குகிறது. ஊர் என்றால் எத்தனை பேர்? "ஒரு நூறு பேர்ப்பா." நூறு பேருக்கு டீ, பன், நூறு பேரும் அன்றைக்கு வேலைக்குப் போகாமல் இருக்க ஒரு காரணம். நூறு ஐம்பதானது. ஐம்பது, 'முன்னாடி ஏழெட்டுப் பேர் இருந்தா போதும், பின்னாடி அவுட் ஆஃப் ஃபோகஸ்' என்றானது. கடைசியில் திண்ணையில் ஒரு பாட்டி மட்டும் மிஞ்சினாள். மழைக்குத் தண்ணீர் லாரி கேட்டிருந்தான். ஜன்னலுக்கு வெளியே தோட்டத்துக் குழாயை ஓட்டை போட்டுப் பிடித்தால் கண்ணாடியில் மழைதான். அந்த ஓட்டை போடும் வேலை என் ஐட்டம். சொல்லப்போனால், காட்சி முன்பைவிட நன்றாகிவிட்டது. ஊரே கூடியிருப்பதைவிடக் கிழவி தனியாக உட்கார்ந்திருப்பதுதான் அந்தக் கதைக்குப் பொருத்தம். இதை டைரக்டரிடம் சொன்னால், "நானும் அதைத்தான்பா யோசிச்சேன்" என்கிறான்.

ட்ரோன் ஷாட்டையும் அடித்துவிட்டேன். விமான நிலையம் உள்ள திருச்சியில் நினைத்த இடத்தில் நினைத்த உயரத்துக்கு அதைப் பறக்கவிட முடியாது. ரயில் வரும் காட்சிக்கு ரயில்வேயில் அனுமதியும் வாங்கவேண்டும், கட்டணமும் கட்டவேண்டும். ரயில் சத்தத்தை வெளியிலிருந்து பதிவு செய்து, கேட்கிறவர் முகத்தை மட்டும் காட்டுவதாக முடிவானது.

இப்படி ஒவ்வொன்றாக நான் வெட்ட, அவன் பெரிய மனிதர்களைத் துணைக்கு அழைத்தான். கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன் எல்லாரும் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில் குறும்படம் எடுத்து வந்தவர்கள்தானே என்றான். வந்தவர்கள்தான். அவர்களுடைய அப்பாக்கள் என்ன எஸ்டிமேட் போட்டார்கள் என்ற தகவல் அவனிடம் இல்லை. அடுத்து சத்யஜித் ரே. 'பதேர் பாஞ்சாலி'க்குப் பணம் போதாமல் ரே இன்ஷூரன்ஸ் பாலிசியை அடகு வைத்தார், மனைவியின் நகையும் போனது என்றான். என் மனைவி சமையலறையிலிருந்து கழுத்தைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"அப்புறம் வங்காள அரசாங்கம்தான் பணம் கொடுத்துச்சு. எந்தக் கணக்குல தெரியுமாப்பா? சாலை மேம்பாடு!" படத்தின் பெயருக்குச் சின்னச் சாலையின் பாட்டு என்று பொருள்; அதனால் பணம் அந்தத் தலைப்பில் போனதாகச் சொல்வார்கள். முப்பது வருஷ சர்வீஸில் எங்கள் துறைக்கு இப்படி ஒரு பெருமை உண்டென்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கொஞ்சம் இளகித்தான் போனேன். ஆனால் அதே ரேயிடமிருந்து நான் வேறொன்றை எடுத்துக்கொண்டேன். 1952-இல் அந்தப் படத்தின் நாணல் காட்டுக் காட்சியைப் பாதி எடுத்துவிட்டு, அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் பூவையெல்லாம் மாடுகள் மேய்ந்து தீர்த்துவிட்டிருந்தன. மறுபடி பூக்கும் பருவம் வரும்வரை காத்திருந்துதான் மீதியை எடுத்தார். காட்சிகளைப் படம் படமாக வரைந்து வைத்திருந்த மேதைக்கே மாடு ஷெட்யூல் போட்டிருக்கிறது. ஆகவே எஸ்டிமேட்டில் 'எதிர்பாராச் செலவு' என்று ஒரு வரி சேர்த்தேன்.

எங்களுக்கு மாடு வரவில்லை, சமயபுரம் மாரியம்மன் வந்தாள். ஹீரோ பையனின் வீட்டில் பழைய நேர்த்திக்கடன் ஒன்று பாக்கி இருந்திருக்கிறது. டெஸ்ட் ஷூட்டில் அடர்த்தியான சுருள் முடியோடு நின்றவன், அடுத்த ஞாயிற்றுக்கிழமை மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு வந்து நின்றான். பக்திக்குக் கன்டினியூட்டி தெரியாது. இப்போது ஆள் தேர்வில் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, "நடிப்பு வருமா?" அல்ல, "மொட்டை பாக்கி ஏதும் உண்டா, தம்பி?"

திண்ணைப் பாட்டி வேடம் என் மாமியாருக்கு. நடிப்பதில் அவருக்கு ஆட்சேபமே இல்லை. ஆனால் ஒரே பொழுதில் நடக்கும் காட்சியை இரண்டு நாள் எடுப்பதால் இரண்டு நாளும் ஒரே புடவை என்றதும் எழுந்துவிட்டார். "நேத்து கட்டினதையே இன்னிக்கும் கட்டிக்கிட்டுத் திண்ணையில உக்காந்தா தெருவுல உங்களைத்தான் கேவலமா பேசுவாங்க, மாப்பிள்ளை." அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்தக் காட்சி முழுவதையும் ஒரே நாளில் முடிப்பதாக ஷெட்யூலை மாற்றினோம்.

லொகேஷன் பார்க்க ஞாயிறு காலை போனார்கள். ஸ்ரீரங்கத்தில் பழைய வீடு, ஆளரவமில்லாத தெரு, சொர்க்கம் என்றார்கள். படப்பிடிப்போ செவ்வாய் மாலை. அதே செவ்வாய் மாலை போய்ப் பார்க்கச் சொன்னேன். வெயில் எதிர்ப்பக்கம் போய்விட்டது, திண்ணை இருட்டு. எதிரில் கிரில் பட்டறையில் வெல்டிங். போதாததற்கு ஆடி மாதம். தெருமுனைக் கோயில் ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு. பாட்டி மௌனமாக அழவேண்டிய இடத்தில் உடுக்கை அடிக்கிறது.

இவ்வளவு கலர் பென்சில் தேய்த்தும் எனக்குப் பிடிபடாத ஒன்றை என் மனைவி ஒரே கேள்வியில் பிடித்தாள். "ஏங்க, மத்தியானம் எத்தனை பேருக்குச் சாப்பாடு?" கால் ஷீட்டில் லென்ஸ் நம்பர்கூட இருந்தது, சாப்பாடு இல்லை. தலை எண்ணினோம். பதினான்கு பேர். அதில் ஐந்து பேர் அசிஸ்டென்ட் டைரக்டர். பாட்டியின் செம்பை நகர்த்த ஒரு ஆள், நகர்த்தியதை எழுதிக்கொள்ள ஒரு ஆள். ஐவரை இருவராக்கினாள். தயிர்சாதம் போட்டால் மூன்று மணிக்கு யூனிட்டே தூங்கிவிடும் என்று எலுமிச்சை சாதத்துக்கு மாற்றியதும் அவள்தான். போஸ்டரில் புரொடக்‌ஷன் மேனேஜர் என்று அவள் பெயரைப் போடச் சொல்லியிருக்கிறேன்.

எஸ்டிமேட் சாங்‌ஷன் ஆகிவிட்டது. ஆடி முடிந்து ஆவணி முதல் செவ்வாய்க்கிழமை படப்பிடிப்பு. அந்தத் தெருவில் கிரில் பட்டறை வைத்திருக்கும் நண்பர் இதைப் படிக்க நேர்ந்தால், அன்று மாலை நாலு முதல் ஆறு வரை வெல்டிங்கை நிறுத்திவைக்குமாறு தயாரிப்பாளர் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன். டீ எங்கள் செலவு, எஸ்டிமேட்டில் சேர்த்தாயிற்று.