அம்பாசிடருக்கு பம்பு: அப்பாரு சொன்ன ரோசனை

ஏங்கண்ணு, அம்பாசிடருக்கு வாங்கப் போறேன்னு செல்லுல ஒரு பம்பு காட்டுனியே, மணிக்கு 255 லிட்டர் தள்ளுமாமே! நெம்ப நல்ல பம்புதான். நம்ம கத்திரிக்காய்ப் பாத்திக்கு மாட்டுனா தோதா இருக்கும். உன்ற வண்டிக்கு எதுக்குங்கறதுதான் இந்த மரமண்டைக்கு வெளங்கல. கோவிச்சுக்காதே சாமி. நீ இன்ஜினீயரிங் படிச்சவன், நான் எட்டாவதோட மாடு மேய்க்கப் போனவன். ஆனா நாலு போர் போட்டுக் கெட்டவன்கிட்ட பம்பைப் பத்திப் பேசறப்ப சித்தெ பார்த்துத்தான் பேசோணும்.

கணக்கை நீயே போடு. பெட்ரோல் எஞ்சினை அடிமட்டம் மிதிச்சா ஒரு குதிரைக்கு மணிக்கு ஏறக்குறைய 0.3 லிட்டர் குடிக்கும். உன்ற வண்டியில இருக்கறது பழைய பி.எம்.சி. எஞ்சின், 1489 சி.சி., குதிரை ஒரு ஐம்பது. அது பொறந்தப்ப இருந்த கணக்கு. அதுல இன்னைக்கு எத்தனை குதிரை உசுரோட நிக்குதோ அந்த மாகாளிக்குத்தான் வெளிச்சம். அம்பதும் மூச்சு வாங்க ஓடுனாலும் மணிக்கு 15, 16 லிட்டர். ஒரு காவலுக்கு ரெட்டிப்பாவே வெச்சுக்க, 30 லிட்டர். நீ காட்டுனது ஐந்நூறு குதிரைக்காரன் வாங்கற சாமானம். அவன் பந்தயத்துக்குப் போறான். நீ பொள்ளாச்சி சந்தைக்குப் போறே.

இத்தனைக்கும் லிட்டர் பெருசில்லை கண்ணு, அழுத்தம்தான் பெருசு. உன்ற எஸ்.யூ. கார்புரேட்டருக்கு 3 பி.எஸ்.ஐ. போதும். உள்ள இருக்கற மிதவை மேல வந்து ஒரு சின்ன ஊசியை அழுத்தித்தான் பெட்ரோலை நிறுத்துது. 5 பி.எஸ்.ஐ.க்கு மேல போனா ஊசி தோத்துப்போயி, பெட்ரோல் வழிய ஆரம்பிச்சிரும். நீ காட்டுன பம்போ 40க்கு மேல தள்ளறதுக்குன்னு பொறந்தது. இந்த எஞ்சின்ல கார்புரேட்டருக்கு அடியிலயே சைலன்சர் குழாய் பொறப்படுற மேனிஃபோல்டு கொதிச்சுட்டுக் கெடக்குது. மேல இருந்து பெட்ரோல், கீழ இருந்து சூடு. தீபாவளிக்கு இன்னும் நாளிருக்குதே, அதுக்குள்ள என்ன அவசரம்?

அதனால மொதல்ல இதைச் சொல்லு: கார்புரேட்டரோட இருக்கப் போறியா, இஞ்செக்டர்ல பெட்ரோலைப் பீச்சற எம்.பி.எஃப்.ஐ. எஞ்சினைத் தூக்கி வெக்கப் போறியா? அதைக் கேட்டா தலையைச் சொறியறே. பம்பு மட்டும் கூரியர்ல கெளம்பிருச்சுங்கறே.

கார்புரேட்டர்தான்னா, கம்பெனிக்காரன் எஞ்சின் பக்கவாட்டுல மாட்டிவிட்ட மெக்கானிக்கல் பம்பே போதும். கேம் ஷாஃப்ட் தட்டுற தட்டுக்கு மேலயும் கீழயும் ஆடற ஒரு டயாஃப்ரம், ரெண்டு வால்வு, அம்புட்டுத்தான். கரண்டு கேக்காது, ஒயர் கேக்காது, எஞ்சின் நின்னா தானும் நின்னுக்கும். இத்தனை ஒழுக்கமா நம்மூட்டுல ஒருத்தரும் இல்லை. அதுக்கு இருக்கற பெரிய சீக்கு, டயாஃப்ரம் கிழிஞ்சா பெட்ரோல் எஞ்சின் ஆயிலுக்குள்ள எறங்கிரும். டிப்ஸ்டிக்கை உருவி மோந்து பாரு. ஆயில் அளவு தானா ஏறியிருந்தா சந்தோசப்படாதே. இப்பப் பங்குல ஊத்தற பெட்ரோல்ல 20 சதம் எத்தனால் கலந்திருக்குது. பழைய ரப்பரு அதுக்குத் தாங்காது, ஊதும், இறுகும், வெடிக்கும். அதனால பம்புக்கு ரிப்பேர் கிட்டு வாங்கறப்ப எத்தனாலுக்குத் தாங்கற ரப்பரான்னு கேட்டு வாங்கு. கடைக்காரன் முழிச்சான்னா கடையை மாத்து.

சரி, வால்பாறை ஏறறப்ப வண்டி மூச்சடைச்சு நின்னுருச்சுன்னு சொன்னே. நாப்பது கொண்டை ஊசி வளைவுல எந்த வளைவுன்னு நான் கேக்கல. அந்தக் காலத்து டிரைவருங்க ஆளுக்கொரு ஈரத்துணி வெச்சிருப்பாங்க, பம்பு மேல போட்டுட்டுப் பீடியைப் பத்தவெப்பாங்க. பீடி முடியறதுக்கும் வண்டி கெளம்பறதுக்கும் சரியா இருக்கும். ரெண்டுல எது வேலை செஞ்சுதுன்னு ஒருத்தனும் ஆராய்ச்சி பண்ணல. சங்கதி என்னன்னா, பம்பு இருக்கறது முன்னாடி, எஞ்சின் சூட்டுக்குள்ள. டேங்கு இருக்கறது பின்னாடி. அத்தனை தூரத்துக்கு உறிஞ்சோணும். உறிஞ்சற பக்கம் அழுத்தம் கொறையும், கொறைஞ்சா பெட்ரோல் சீக்கிரம் கொதிச்சு ஆவியாயிரும். ஆவியைப் பம்பால தள்ள முடியாது.

இது நம்ம கெணத்துலயே பார்த்ததுதானே. மேட்டுல வெச்ச மோனோபிளாக் 25 அடிக்கு மேல இழுக்கத் தெணறுச்சுன்னுதான மோட்டாரையே தண்ணிக்குள்ள எறக்குனோம்? எந்தப் பம்பும் தள்றதுல சூரன், இழுக்கறதுல சோம்பேறி. அதனால கரண்டு பம்பு வெக்கறதா இருந்தா டேங்குக்குப் பக்கத்துல, டேங்கோட அடிமட்டத்துக்குக் கீழ வை. 3 பி.எஸ்.ஐ.க்குன்னே டிக்கு டிக்குன்னு தட்டற சின்ன பம்பு வருது, அது போதும். சத்தம் கேட்டா ஓடுதுன்னு அர்த்தம். நீ பாட்டுச் சத்தத்தைக் கொறைச்சாத்தான் கேக்கும்.

அதை மாட்டுனா பழைய பம்பைக் கழட்டி, அந்த ஓட்டைக்குத் தகடு வெட்டி கேஸ்கெட் வெச்சு மூடிரு. ‘ரெண்டும் இருக்கட்டும் அப்பாரு, தெம்பா இருக்கும்’னு ஆரம்பிக்காதே. முன்னாடி இருக்கற டயாஃப்ரம் கிழிஞ்ச அன்னைக்கு, பின்னாடி இருக்கற பம்பு டேங்கு மொத்தத்தையும் ஆயில் சம்புக்குள்ள எறக்கிரும்.

இல்லை, எம்.பி.எஃப்.ஐ.தான்னு பிடிவாதம் பிடிச்சேன்னா அது வேற கதை. அதுக்கு 3 பார், அதாவது 43 பி.எஸ்.ஐ. கிட்ட, ஆடாம அசையாம வேணும். பழைய டேங்குல தடுப்பும் இல்லை, குழியும் இல்லை. பாதி டேங்கோட வளைவுல திரும்பினா பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கிக்கும், பம்பு காத்தைக் குடிக்கும். கார்புரேட்டரா இருந்தா கிண்ணத்துல இருக்கறதை வெச்சுச் சமாளிச்சிரும். இஞ்செக்டருக்குக் கிண்ணமில்லை, அந்த நொடியே இருமும். அதுக்குத்தான் ஒண்ணு ரெண்டு லிட்டர் புடிக்கற சின்னத் தொட்டி ஒண்ணை நடுவுல வெக்கறாங்க. டேங்குல இருந்து சின்ன பம்பு அதை ரொப்பும், பெரிய பம்பு அதுல இருந்து எடுக்கும். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தற ரெகுலேட்டர் திருப்பி அனுப்பறதும் அந்தத் தொட்டிக்கே வரும், வழியறது மட்டும் டேங்குக்குப் போகும். திரும்பற குழாயைச் சன்னமாப் போட்டா அழுத்தம் தானா ஏறும். பம்பு பெருசாகப் பெருசாக, சுத்திச் சுத்தி வர்ற பெட்ரோல் சூடும் ஏறும். உன்ற 255 லிட்டர் அங்கயும் ஒறம்பரையாத்தான் வந்து உக்காரும், வேலை செய்யாது, சாப்பிடும்.

டேங்குக்குள்ளயே எறக்கற பம்பு இருக்குது, தொல்லை கம்மி. ஆனா பெட்ரோல்தான் அதைக் குளிர வெக்குது. நூறு ரூவாய்க்குப் போட்டு ரிசர்வுலயே வருசம் பூரா ஓட்டற உன்ற வழக்கத்துக்கு அது தாக்குப் புடிக்காது.

பம்புக்கு ரிலே, ஃபியூஸ், தடிச்ச ஒயர். வண்டியில இருக்கற நூல் மாதிரி ஒயர்ல கோத்துவிட்டா பன்னண்டு வோல்ட்டு பத்தாயி, பம்பு சுணங்கும், நீ பம்புக்காரனைத் திட்டுவே. இடிச்சா கரண்டை வெட்டற சுவிச்சு ஒண்ணு கட்டாயம். எஞ்சின் நின்னும் பம்பு ஓடிட்டே இருந்தா, அறுந்த குழாய் வழியா ரோட்டுக்குப் பாசனம் பண்ணிட்டிருக்கும். 43 பி.எஸ்.ஐ.க்கு இஞ்செக்‌ஷனுக்குன்னு வர்ற ஹோஸ் தனி. மிச்சமிருந்த சொட்டுநீர் குழாயை எடுத்துட்டு வராதே, உன்னை எனக்குத் தெரியும்.

எஞ்சினை மாத்தறதுன்னா ஆர்.டி.ஓ.கிட்ட மொதல்லயே அனுமதி வாங்கி ஆர்.சி.யில ஏத்தோணும், மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு. அம்பாசிடர் 2014லயே நின்னுபோச்சு, யாரு கேக்கப் போறான்னு நெனைக்காதே. செக்போஸ்ட்டுல இருக்கறவன் நிக்கல.

இதெல்லாத்துக்கும் முந்தி அந்த டேங்கை எறக்கு. உள்ள இருக்கற துருவுக்கு எந்தப் பம்பும் ஒரு மாசம் தாங்காது. ரேடியேட்டர் கடையில குடுத்துக் கழுவிட்டு, பம்புக்கு முன்னாடி ஒரு ஃபில்டர், பின்னாடி சன்னமா ஒண்ணு போட்டுரு. பெட்ரோல் இருக்கற டேங்கை விட காலி டேங்குதான் பொல்லாதது, உள்ள ஆவி நிக்கும். வெல்டிங்காரன் ‘ஒரு பொட்டுதான்’னு சொன்னா வெரட்டி உடு. ஞாயித்துக்கெழமை எறக்கலாம், நானும் வர்றேன். நீ தீயணைக்கற சிலிண்டரை எடுத்துட்டு வா, நான் பீடிக்கட்டை உங்க அப்பத்தாகிட்டக் குடுத்துட்டு வர்றேன்.