வெள்ளிக்கிழமைச் சங்கீதம்

கேள்வி: அறுபதுகளின் தொலைக்காட்சிப் பாப் சங்கீதத்தை நினைத்து ஆங்கிலேய முதியவர்கள் இன்னும் உருகுகிறார்களே, அதில் அப்படி என்ன விசேஷம்?

பதில்: 1963 ஆகஸ்டில் தொடங்கி வெள்ளிக்கிழமை மாலைதோறும் ஒளிபரப்பான 'ரெடி ஸ்டெடி கோ' நிகழ்ச்சியில், ஆடிக்கொண்டிருந்த இளைஞர் கூட்டத்தின் நடுவே காமிராக்கள் பகிரங்கமாக உருண்டு திரிய, அவர்கள் வயதையொத்த கேத்தி மெக்கவன் என்னும் யுவதி தடுமாறித் தடுமாறிப் பேட்டி கண்டதையே வாலிபர்கள் தங்கள் சொந்தக் குரலாகப் பாவித்துக் கொண்டாடினார்கள். உடை, நடனம், சிகையலங்காரம் ஆகிய சகலத்தையும் கற்பிக்கும் சர்வகலாசாலை, கட்டணமும் பரீட்சையும் இன்றி வீட்டுக் கூடத்திற்கே வந்து சேர்ந்தால், அந்த ஆனந்தம் சாமானியமானதா? 1966 டிசம்பரில் நிகழ்ச்சி நின்றது; பதிவுகளிலும் பெரும்பகுதி அழிந்துபோயிற்று. எஞ்சியிருப்பதில் பெரும்பங்கு அம்முதியவர்களின் ஞாபகத்தில்தான் பத்திரமாக இருக்கிறது. ஆதலால் அவர்கள் பேசும்போது நாம் குறுக்கிடாமல் கேட்பதே சரித்திரத்துக்குச் செய்யும் சேவை!