மணிவிழா மாமாவும் மங்கலான பாலமும்

மணிவிழா மாமாவை அடையாளம் காண அழைப்பிதழ் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சனிக்கிழமை காலையில் வென்ட்வொர்த்வில் மளிகைக் கடையில் முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்களில் யாருடைய காது மடலில் கறுப்புக் கறை ஒட்டியிருக்கிறதோ, அவரேதான். போன வாரம்வரை வெள்ளையாக இருந்த மீசை இப்போது அவருக்கு ஓரடி முன்னால் நடந்து வரும். விசாரித்தால், "ஒண்ணுமில்ல, சும்மா ஒரு ஃபேமிலி போட்டோ" என்பார். அந்தச் சும்மாவுக்குப் பின்னால் ஒன்றரை மாதத் திட்டமும் ஓர் எக்செல் ஷீட்டும் இருக்கும்.

மாமா சிட்னிக்கு வந்து கால் நூற்றாண்டு ஆகியிருக்கும். டூங்காபியிலோ பெண்டில் ஹில்லிலோ கடன் கட்டி முடித்த வீடு, குளிர்காலத்தில் போர்வை போர்த்திக் காப்பாற்றும் கறிவேப்பிலைச் செடி, மெல்பர்னில் வேலை பார்க்கும் மகள், வீட்டை விட்டு நகராத மகன். அறுபது நிறைகிறது. அழைப்பிதழில் போட நல்ல படம் வேண்டும். "மொபைல்ல எடுத்தா போதாதா?" என்று மாமி கேட்டாள். மாமா பதில் சொல்லவில்லை. தொழில்முறைப் படக்காரர் ஒருவருக்கு முன்பணம் கட்டிவிட்டு வந்து சொன்னார்.

சிக்கல் என்னவென்றால், மாமாவைச் சிரிக்கச் சொல்லி இதுவரை எந்தக் கேமராவும் கேட்டதில்லை. சின்ன வயதில் திருச்சி ஸ்டுடியோ. நுழைந்ததும் ஒரு கண்ணாடி, பல் உடைந்த சீப்பு, பவுடர் டப்பா, ஊரில் யார் வந்தாலும் மாட்டிக்கொள்ள ஆணியில் தொங்கும் பொதுக் கோட்டு. ஸ்டுடியோக்காரர் துணிக்குள்ளிருந்து "மூச்சு விடாதீங்க" என்பார். மூச்சே விடக் கூடாத இடத்தில் சிரிப்பது எப்படி? அதன்பின் ஆஸ்திரேலியா வந்தார். இங்கே பாஸ்போர்ட் படத்தில் வாய் மூடியிருக்க வேண்டும், முகத்தில் எந்த உணர்ச்சியும் கூடாது, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும். மாமாவுக்கு இது சிரமமாகவே இல்லை. ஸ்டுடியோக்காரர் கொடுத்த பயிற்சி இரண்டு நாடுகளுக்கும் போதுமானதாக இருந்தது.

இப்போது நியூடவுனிலிருந்து படமெடுக்க வரும் பெண், 'இயல்பாக இருந்தால் போதும்' என்று மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறாள். அன்றிலிருந்து மாமா குளியலறைக் கண்ணாடி முன்னால் தினமும் கால் மணி நேரம் இயல்பாக இருக்கப் பயிற்சி எடுக்கிறார். மேல் பல் மட்டும் தெரிவது ஒரு ரகம், கீழ்ப் பல்லும் தெரிவது இன்னொன்று. மூன்றாவது ரகத்தைப் பார்த்துவிட்டு மகன், "அப்பா, பல் வலியா?" என்று கதவைத் தட்டினான்.

அடுத்தது தலை. புதிதாக வாங்கிய மின்விசிறிக்குக்கூடக் கையேட்டை அட்டையிலிருந்து அட்டைவரை படிக்கிற மனிதர், ஹேர் டை பாக்கெட்டில் இருக்கும் தாளை மட்டும் பிரிப்பதில்லை. முதலில் தோலில் கொஞ்சம் தடவி 48 மணி நேரம் பொறுத்துப் பார்க்கச் சொல்கிறது அந்தத் தாள். பொறுக்கிறவர் டை போடுவாரா? விளைவு, அழைப்பிதழ் அறுபது என்கிறது, தலை முப்பத்தெட்டு என்கிறது. நடுவில் இருக்கும் நெற்றிக்கு எந்தக் கட்சி என்று தெரியவில்லை.

மாமி அப்படியல்ல. ஹாரிஸ் பார்க்கில் புருவத் த்ரெடிங்கையும் ஃபேஷியலையும் ஒரு வாரம் முன்பே முடித்துவிட்டாள், கடைசி நாளில் செய்தால் முகம் சிவந்து நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். மாமாவுக்கு அது தெரிந்தது முதல்நாள் இரவு, மாமியின் டப்பாவிலிருந்து எதையோ எடுத்துப் பூசிக்கொண்ட பிறகு.

உடை விஷயத்தில் மெல்பர்ன் தலையிட்டது. எல்லோரும் ஒரே சாயலில் உடுத்த வேண்டுமாம். மகள் நிறங்களின் பட்டியல் அனுப்பினாள்: பேஜ், கிரீம், சேஜ் கிரீன். மாமி அந்தப் பச்சையைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள். "என்னடி இது, வாடின கீரை மாதிரி? அறுபதாம் கல்யாணத்துக்கு அரக்குப் பட்டுதான். வேணும்னா நீங்க எல்லாரும் எனக்கு மேட்சா போட்டுக்குங்க." பேச்சுவார்த்தை மூன்று வீடியோ அழைப்புகளில் முடிந்தது. மாமிக்கு அரக்கு, மற்றவர்களுக்குக் கீரை. மாமாவுக்குப் பட்டு வேட்டி, அதுவும் 'ஒட்டிக்கோ கட்டிக்கோ' ரகம். அதில் ஒட்டு இருக்கிற விஷயம் வெளியே தெரியக் கூடாது என்பது மட்டும் அவர் நிபந்தனை.

இடத்தில்தான் மாமா யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. மகளுக்குக் கிரிபில்லியின் மெக்டூகல் தெரு, அங்கே அக்டோபர் கடைசியில் ஜக்கரண்டா மரங்கள் தெருவையே ஊதாவாக்கிவிடும். மாமிக்குப் பரமட்டா பூங்கா, கார் நிறுத்தக் கஷ்டமில்லை. மாமாவோ மிசஸ் மக்வாரிஸ் சேரைத் தவிர வேறெதையும் காதில் வாங்கவில்லை. 1810-இல் ஆளுநர் மக்வாரியின் மனைவி உட்கார்ந்து கடல் பார்க்கக் கைதிகள் பாறையில் செதுக்கிய இருக்கை அது. மாமாவுக்கு அந்த அம்மாளும் பொருட்டில்லை, இருக்கையும் பொருட்டில்லை. ஹார்பர் பாலமும் ஓபரா ஹவுஸும் ஒரே படத்தில் விழும் இடம், அவ்வளவுதான்.

காரணம் திருச்சியில் இருக்கிறது. அந்த ஸ்டுடியோவில் பின்னால் தொங்கிய திரையில் ஓர் ஏரி, இரண்டு அன்னம், ஏதோ வெளிநாட்டுப் பாலம் வரைந்திருக்கும். அதன் முன்னால் அக்காவும் தம்பியும் நின்ற படம் இன்னும் அக்கா வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. மாமா எடுக்கப்போகும் படத்தை சிட்னியில் யாரும் உற்றுப் பார்க்கப்போவதில்லை. பார்க்கப்போகிறவள் அந்த அக்கா. தம்பி நிஜப் பாலத்துக்கு முன்னால் நிற்கிறான் என்று அவள் தெருவுக்கே சொல்ல வேண்டும். முகம், தலை, வேட்டி எல்லாம் அந்தப் பாலத்துக்குத் துணை நிற்கத்தான்.

படக்காரப் பெண் மாலை ஆறரைக்கு வரச் சொன்னாள். அக்டோபர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவதால் மாதக் கடைசியில் சூரியன் ஏழேகாலுக்குத்தான் மறையும். மாமா ஐந்துக்கே போய் நின்றார். வெயிலாயிற்றே என்று சன்ஸ்கிரீனை அள்ளிப் பூசிக்கொண்டார். வெயிலிலிருந்து தோலைக் காக்கச் சொல்லி 1981-இல் தொடங்கிய 'ஸ்லிப், ஸ்லொப், ஸ்லாப்' பிரசாரத்தை இந்த நாட்டில் அவர் அளவுக்கு மதித்தவர் இல்லை. ஆனால் அவர் பூசியது துத்தநாகம் கலந்தது. முதுகுப் பக்கமாகச் சூரியன் இறங்குவதால் அந்தப் பெண் முகத்துக்கு ஃபிளாஷ் அடித்தாள். துத்தநாகம் அந்த ஒளியை அப்படியே திருப்பி அனுப்பியது. கேமராவைப் பார்த்துவிட்டு, "முகம் முழுவதும் பூசியிருப்பது உங்கள் மதச் சடங்கா?" என்று மரியாதையாகக் கேட்டாள்.

துடைத்து முடிப்பதற்குள் வெயிலில் தானாகக் கறுக்கும் கண்ணாடி முழுக்கக் கறுத்துவிட்டது. "எம்.ஜி.ஆர் தொப்பி ஒண்ணுதான் குறைச்சல்" என்றாள் மாமி. கண்ணாடியைக் கழற்றினார். பயிற்சி எடுத்த மூன்று சிரிப்புகளில் இரண்டாவதை எடுத்து மாட்டிக்கொண்டார். அப்போது வந்தது சதர்லி பஸ்டர். சிட்னியில் வெயில் காலத்தில் தெற்கிலிருந்து சொல்லாமல் பாயும் அந்தக் காற்று, சில நிமிஷத்தில் பத்துப் பாகை சூட்டை இறக்கிவிடும். மாமா இடது காதிலிருந்து வலது காதுவரை பாலம் கட்டி வைத்திருந்த முடி எழுந்து நின்றது. 'ஒட்டிக்கோ' விட்டுக்கொடுத்தது. மாமி வேட்டியின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள், மெல்பர்னிலிருந்து வந்திருந்த மகள் குனிந்து சிரித்தாள்.

ஒரு வாரத்தில் படங்கள் வந்தன. முகங்கள் பளிச்சென்று இருந்தன. பின்னால் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒரு வளைவு, பக்கத்தில் வெள்ளையாக ஒரு மூட்டம். 134 மீட்டர் உயரத்தில் 1932 முதல் நிற்கும் பாலத்தையும், 1973-இல் திறந்த ஓபரா ஹவுஸையும் ஒரு லென்ஸ் இல்லாமலாக்கியிருந்தது. மாமா உடனே ஃபோன் போட்டார்.

"பாலம் எங்கம்மா?"

"பின்னணியை மங்கலாக்கினால்தான் உங்கள் கண்கள் எடுப்பாகத் தெரியும்."

"என் கண்ணு டூங்காபியிலயும் இருக்கு. அதுக்கு எதுக்கு நான் பார்க்கிங்குக்குக் காசு கட்டணும்?"

கடைசியில், வெளிச்சம் சரிபார்க்க அவள் தூரத்திலிருந்து எடுத்த ஒரு சோதனைப் படம் கிடைத்தது. பாலத்தின் ஆணிகூட எண்ணலாம். மாமா மூலையில் கட்டைவிரல் அளவில், அப்போதும் பயிற்சிச் சிரிப்போடு நின்றார். காற்றில் எல்லோரும் சிரிக்கும் படம் வேண்டும் என்று மகள் மன்றாடினாள். "வழுக்கை தெரியுது" என்று மாமா தள்ளிவிட்டார். சோதனைப் படமே அழைப்பிதழில் ஏறி, அன்றிரவே திருச்சிக்குப் போனது.

அக்காவின் குரல் பதிவு விடிவதற்குள் வந்துவிட்டது: "டேய், பாலம் அம்சமா இருக்குடா! முன்னால யாரோ சின்னப் பையன் குறுக்க நிக்கிறான். அவனை நகரச் சொல்லிட்டு நீ நின்னிருக்கக் கூடாதா?"

மாமா அதை வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுகிறார். "சின்னப் பையன்" என்ற இடம் வந்ததும் நிறுத்தி, இன்னொரு தடவை போடுகிறார்.