கேள்வி - பதில்: வட்டமாக உட்காருங்கள்!

கேரளத்தின் பொன்முடி, கல்லார், விதுரை, பாலோடு பக்கத்திலிருந்து வந்த கடிதங்களுக்கே இந்த இதழ் முழுவதும். நாலு பேரைக் கூட்டி வைத்து உருப்படியாகப் பேசுவது எப்படி என்பதுதான் எல்லாக் கடிதங்களிலும் இருக்கும் விஷயம்.

எங்கள் லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பில்) வாரம் ஒரு நாள் பெரியவர்களுக்குப் படிப்பு வட்டம் தொடங்க ஆசை. எத்தனை பேரைச் சேர்க்கலாம்?
*எஸ்டேட் வாசகி, பொன்முடி*

எட்டுப் பேர். மிஞ்சினால் பன்னிரண்டு. அதற்கு மேல் போனால் பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்தவர்களாகிவிடுவார்கள். பெண்களின் குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தில் 10 முதல் 20 பேர் வரை இருக்கலாம். சேமிப்புக்கு அந்தக் கணக்கு சரி. விவாதம் என்று வந்தால் இரண்டாகப் பிரியுங்கள். முக்கியமாக, வட்டமாக உட்காருங்கள். முன்னால் இருப்பவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு யாரும் மனம் விட்டுப் பேசியதில்லை.

கொழுந்து பறித்துவிட்டு வருகிறவர்கள் அலுப்பில் கொட்டாவி விடுகிறார்கள். எதிலிருந்து ஆரம்பிப்பது?
*அதே வாசகி*

அவர்கள் இப்போதுதான் இறக்கி வைத்த கூடையிலிருந்து! 'அ'வில் ஆரம்பித்தால் கொட்டாவிதான் வரும். பிரேசில் நாட்டு பாவ்லோ ஃபிரேரே இதைத்தான் செய்தார். 1963இல் அங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 தொழிலாளர்கள் 40 மணி நேரப் பாடத்தில் எழுதப் படிக்கத் தொடங்கினார்கள். செங்கல் அடுக்குகிற படத்தைக் காட்டி, இந்த வீட்டை யார் கட்டுகிறார்கள், யார் குடியிருக்கிறார்கள் என்று முதலில் பேச விடுவது அவர் வழி. பேசி முடித்த பிறகுதான் 'செங்கல்' என்ற சொல்லை எழுதிக் காட்டுவார்கள். அது பிடிக்காத ராணுவ ஆட்சி 1964இல் அவரைச் சிறையில் அடைத்தது. பிறகு நாட்டை விட்டே போக வேண்டியதாயிற்று. எழுத்துக் கற்றுக்கொடுத்ததற்காக மட்டும் ஒருவரைச் சிறையில் போடுவார்களா? தொழிலாளிகள் தங்கள் நிலைமையைத் தாங்களே பேசத் தொடங்கியதுதான் பயத்தைக் கிளப்பியது.

உங்கள் லயத்தில் 'கூலி' என்று கரும்பலகையில் எழுதுங்கள். சம்பளச் சீட்டு ஒன்றைக் கையில் கொடுங்கள். எத்தனை நாள் வேலை, எத்தனை கிலோ, எவ்வளவு பிடித்தம் என்று ஒவ்வொரு வரியாகத் தடவித் தடவிப் படிக்கட்டும். "இது என்ன பிடித்தம், எனக்கு யாரும் சொல்லலையே" என்று ஒரு அக்கா கேட்பார். உங்கள் வகுப்பு அந்த நிமிஷம் தொடங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டீ கொடுக்கலாமா?
*கல்லார்*

கொடுங்கள். ஆனால் கூட்டம் தொடங்கும் முன்பே. கடைசியில் கொடுத்தால் எல்லோர் காதும் டம்ளர் சத்தத்திலேயே இருக்கும்.

எங்கள் வட்டத்தில் ஓய்வுபெற்ற மாஷ் (ஆசிரியர்) ஒருவர் இருக்கிறார். நல்லவர். ஆனால் ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை. அவரை எப்படிச் சமாளிப்பது?
*விதுரை*

அவமானப்படுத்தாதீர்கள், அவர் வேண்டியவர். "மாஷே, இன்னிக்கு எல்லோரும் சொல்றதை நீங்கதான் எழுதித் தரணும்" என்று நோட்டையும் பேனாவையும் கையில் கொடுத்துவிடுங்கள். எழுதுகிறவர் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இன்னொரு வழி. கேள்வியை வைத்ததும் உடனே பதில் கேட்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிஷம் பேசச் சொல்லுங்கள். பிறகு ஒரு சுற்று வரட்டும், ஆளுக்கு ஒரு வாய்ப்பு. எல்லோரும் ஒரு முறை பேசும்வரை யாருக்கும் இரண்டாவது வாய்ப்பு இல்லை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பொது விதி என்றால் மாஷுக்கும் வருத்தம் வராது.

நான் கேள்வி கேட்டால் யாருமே வாய் திறப்பதில்லை. அந்த அமைதியில் எனக்கே வியர்க்கிறது.
*பாலோடு*

பத்து வரை மனதுக்குள் எண்ணுங்கள். நடத்துகிறவர்கள் பெரும்பாலும் மூன்றாவது நொடியிலேயே பொறுமை இழந்து தாங்களே பதிலைச் சொல்லிவிடுகிறார்கள். இரண்டு முறை அப்படி நடந்தால் போதும், "எப்படியும் இவரே சொல்லிடுவார்" என்று குழு பழகிவிடும். வெகுநாளாக யாரும் கருத்துக் கேட்காத ஒரு பெண்ணுக்குத் தன் கருத்தைத் தேடி எடுக்கவே நேரம் வேண்டும். அந்த நேரத்தை அவருக்குக் கொடுப்பதுதான் உங்கள் வேலை.

எங்கள் வட்டத்தில் பாதி தமிழ், பாதி மலையாளம். எந்த மொழியில் நடத்துவது?
*பொன்முடி*

அவரவர் மொழியில் பேசட்டும். சேச்சி சொன்னதை அக்கா தமிழிலும், அக்கா சொன்னதை சேச்சி மலையாளத்திலும் ஒரு வரியில் திருப்பிச் சொல்லட்டும். சரியாகக் கேட்டோமா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். நேரம் கொஞ்சம் கூடுதலாகும், பரவாயில்லை.

கேரளம்தான் 1991லேயே முழு எழுத்தறிவு பெற்றுவிட்டதே. இன்னும் எதற்கு இந்தப் படிப்பு வட்டமெல்லாம்?
*நெடுமங்காடு*

1991 ஏப்ரல் 18, கோழிக்கோடு மானாஞ்சிறை. முதிய வயதில் எழுத்துக் கற்ற செலக்கோடன் ஆயிஷா மேடையேறி அந்த அறிவிப்பைச் செய்தார். ஒரு மந்திரி செய்யாமல் அவர் செய்ததை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிமிரும். ஆனால் முழு எழுத்தறிவு என்றால் ஒருவர்கூட விடுபடவில்லை என்று அர்த்தமில்லை. 2011 கணக்கெடுப்பில் மாநிலம் 94 சதவீதம், அதே மாநிலத்தின் பழங்குடி மக்களில் சுமார் 76 சதவீதம்தான். விடுபட்டவர்கள் யார் என்று அந்த இரண்டு எண்களே சொல்கின்றன. உங்கள் மலையில் இருப்பவர்களும் அவர்களில் உண்டு. கற்ற எழுத்தும் புழங்காவிட்டால் மறந்து போகும். கையெழுத்து மட்டும் மிஞ்சும்.

எங்கள் அயல்கூட்டத்தில் பணம் கட்டுவது, கடன் எழுதுவது, கிளம்புவது, அவ்வளவுதான். இதில் விவாதம் எங்கே?
*குடும்பஸ்ரீ உறுப்பினர், விதுரை*

நியாயமான ஆதங்கம். 1998 மே 17 அன்று மலப்புறத்தில் பிரதமர் வாஜ்பாய் தொடங்கி வைத்த குடும்பஸ்ரீ, வறுமை ஒழிப்புத் திட்டம். வெறும் சேமிப்புச் சீட்டு இல்லை. அயல்கூட்டத்தில் தலைவர், செயலாளர் தவிர ஆரோக்கியம்-கல்விக்கு ஒருவர், வருமானத்துக்கு ஒருவர், அடிப்படை வசதிக்கு ஒருவர் என்று பொறுப்பு உண்டு. அந்த மூவரும் வாரம் ஒருவராக ஒரு கேள்வியோடு வரட்டும். "இந்த மாசம் யார் வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது, தண்ணீர் எங்கிருந்து எடுத்தோம்?" இப்படி ஒன்று போதும். பணக் கணக்கைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் முடித்தால் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். 2023 அக்டோபரில் 'திரிகே ஸ்கூளில்' (மீண்டும் பள்ளிக்கு) என்று குடும்பஸ்ரீ உறுப்பினர்களைப் பள்ளி வகுப்பறைகளில் மீண்டும் உட்கார வைத்தார்களே, அந்த உற்சாகம் ஒரு நாளோடு நிற்க வேண்டுமா?

ஆண்கள் இருந்தால் பெண்கள் பேசுவதில்லை. என்ன வழி?
*பாலோடு*

முதலில் பெண்கள் மட்டும் கூடுங்கள். என்ன கேட்பது, யார் கேட்பது என்று முடிவு செய்துகொண்டு பிறகு பொதுக் கூட்டத்துக்குப் போங்கள். புதுக்கோட்டையைப் பாருங்கள். 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி எழுத்தறிவு இயக்கம் பெண்களைச் சைக்கிள் ஓட்டக் கூப்பிட்டது. ஆயிரக்கணக்கில் கற்றார்கள். வகுப்புக்கு வர யாருடைய துணையும் வேண்டியதில்லை என்றான பிறகு அவர்கள் பேச்சே மாறிவிட்டது. கல்குவாரிப் பெண்கள் தாங்களே குத்தகைக்கு எடுத்து நடத்தும் அளவுக்கு வந்தார்கள். சபையில் வாய் திறக்க வைக்கும் பயிற்சி சில சமயம் சபைக்கு வெளியே, ஒரு மைதானத்தில் தொடங்குகிறது.

கிராமசபைக்குப் போனால் பயனாளிப் பட்டியலை வாசித்துவிட்டுக் கலைத்துவிடுகிறார்கள். போய் என்ன பயன்?
*பெரிங்ஙம்மலைப் பஞ்சாயத்து*

போகாமலிருந்தால் அந்தப் பட்டியலும் உங்களுக்குத் தெரியாமலே முடிவாகும்! 1996 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தை நினைவுபடுத்துங்கள். மாநிலத் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளிடம் கொடுத்துவிட்டு, எதற்குச் செலவழிப்பது என்று மக்களிடமே கேட்டார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் கூடிய இடத்தில் அதைக் கேட்க முடியுமா? முடியாது என்று தெரிந்ததால்தான் தொடக்கக் கூட்டம் முடிந்ததும் விவசாயம், குடிநீர், கல்வி, பெண்கள் என்று தனித்தனிக் குழுக்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு குழுவிலும் பயிற்சி பெற்றவர்கள் இருந்தார்கள். கையில் கேள்வித்தாள் இருந்தது. பேசியதை எழுதி மீண்டும் பொது அவையில் வைத்தார்கள். மைக் முன்னால் நிற்கக் கூசுகிறவர், பத்துப் பேர் குழுவில் தன் வீட்டுக்குக் குழாய் வராத கதையைச் சொல்லிவிடுவார்.

சட்டப்படி கிராமசபை மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்கு வந்தால்தான் கோரம். அடுத்த முறை எழுந்து, "குழுவாகப் பிரித்துப் பேசலாம்" என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை.

காணிப் பழங்குடியினரின் குடிகளில் கூட்டம் நடத்துகிறோம். எதைச் சொன்னாலும் "சரி" என்கிறார்கள். சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாமா?
*தன்னார்வலர், விதுரை*

கூடாது. வெளியாட்கள் சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்பதற்காகவும் "சரி" சொல்வார்கள்.

உங்கள் ஊர்ப் பக்கத்துக் கதையே இருக்கிறது. 1987இல் அகத்தியமலைக் காட்டில் காணி வழிகாட்டிகள் களைப்புத் தீர ஒரு செடியின் காயைத் தின்றதை விஞ்ஞானிகள் பார்த்தார்கள். அதுதான் ஆரோக்கியப் பச்சை. அதிலிருந்து பாலோட்டுத் தாவரவியல் தோட்டத்தில் 'ஜீவனி' மருந்து உருவானது. 1995இல் கோவை ஆரிய வைத்திய பார்மசிக்கு உரிமம் கொடுத்தபோது, கிடைக்கும் தொகையில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவானது. 1997இல் அவர்களுக்கென ஒரு அறக்கட்டளையும் பதிவானது. உலகமே பாராட்டிய ஏற்பாடு, நானும் பாராட்டுகிறேன். ஆனால் காணிக்குடிகள் குட்டிச்சல், விதுரை, பெரிங்ஙம்மலை என்று சிதறிக் கிடப்பவை. எங்களைக் கேட்கவில்லையே என்ற வருத்தம் சில குடிகளில் எழுந்தது. நல்ல நோக்கம் இருந்தும் குடி குடியாக உட்கார்ந்து பேசாததன் விலை அது. தலைவரான மூட்டுக்காணி தலையசைத்ததோடு நிறுத்தாமல் ஒவ்வொரு குடிக்கும் போங்கள். ஒரு முறை சொல்லிவிட்டு வாருங்கள், முடிவைக் கேட்க இன்னொரு நாள் போங்கள். இடையில் அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதுதான் உண்மையான கூட்டம்.

கட்சிச் சண்டை வந்துவிட்டால்?
*நெடுமங்காடு*

"உங்க கட்சி என்ன சொல்லுது" என்று கேட்காதீர்கள். "உங்க வீட்டில் என்ன நடந்தது" என்று கேளுங்கள். முக்கால்வாசிச் சண்டை அங்கேயே அடங்கும். மீதி இருப்பது வேண்டிய சண்டை, நடக்கட்டும்.

நான் பத்தாம் வகுப்பு தேறாதவள். குழு நடத்த எனக்குத் தகுதி உண்டா?
*பெயர் வேண்டாம், பொன்முடி*

தாராளமாக. 1990 பிப்ரவரி 4 அன்று முழு எழுத்தறிவு பெற்ற முதல் மாவட்டமானது எர்ணாகுளம். அங்கே வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொடுத்த சுமார் 20,000 தன்னார்வலர்களில் பெரும்பாலோர் ஆசிரியர் பயிற்சி பெற்றவர்கள் இல்லை. கற்கிறவர்மேல் மரியாதையும் கேட்கிற பொறுமையும் போதும். நீங்களும் மாநில எழுத்தறிவு அமைப்பான சாக்ஷரதா மிஷனின் பத்தாம் வகுப்புச் சமநிலைத் தேர்வுக்குப் பதிவு செய்யுங்கள், சகோதரி. கற்றுக்கொண்டே நடத்தலாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே லயத்தில் ஐந்து பேரைக் கூப்பிடுங்கள். என்ன பேசினீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். அதை இதே பக்கத்தில் போடுகிறேன்.